படத்துக்குப் போட்ட மாலை

மண்டபத்துக்குள் வந்த ஷெரில், மேடையைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றுவிட்டார். கையில் அவர் வீட்டில் செய்துகொண்டுவந்த கேக், ஒரு தகரப் பெட்டிக்குள்.

நான் சந்தனமும் கற்கண்டும் வைத்த தட்டோடு கதவடியில் நின்றேன். "வாங்கோ, வாங்கோ" என்று தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

மேடையின் இடப்பக்கம் ஒரு கதிரை வைத்திருந்தோம். அதன்மேல் என்னுடைய மாம்பழ நிறப் பட்டு. பட்டின்மேல் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம். தோளில் குழந்தையோடு ஆற்றங்கரையில் நிற்கும் ஒரு பெண்ணின் மிகப் பழைய கோட்டுச் சித்திரம். படத்துக்கு மல்லிகையும் சிவப்பு ரோசாவும் கலந்து கட்டிய மாலை. முன்னால் குத்துவிளக்கு, ஊதுபத்தி.

"அது யார்?" என்று ஷெரில் கேட்டார். அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு வரும் தமிழில் எழுதுகிறேன்.

"இந்த இடத்து ஆதிக்குடிகள். எல்லாரும் அழிஞ்சு போச்சினமாம். முதல் அவைக்கு அஞ்சலி செலுத்திப்போட்டுத்தான் புத்தகத்தை வெளியிடப்போறம்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"மாலை எதுக்கு?"

"எங்கட வழக்கம். செத்தவையின்ர படத்துக்கு மாலை போடுவம்."

ஷெரில் கேக் பெட்டியை என் தட்டின்மேல் வைத்தார். சந்தனக் கிண்ணம் கவிழ்ந்து என் கையெல்லாம் சந்தனம்.

"அப்ப, நான் செத்துப்போனனா?" என்று கேட்டார்.

தும்மல் வரவைக்கும் புத்தகங்கள்

அன்று நடக்கவிருந்தது என் கணவர் குலசிங்கத்தின் நூல் வெளியீட்டு விழா. சென்ற வாரம் இந்தப் பத்தியில், இவர் கார் ஓட்டிய அழகைப் பற்றி எழுதியதற்கு மகள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. இந்த வாரம் என்ன சொல்வாளோ தெரியாது.

இவர் ஊரில் நில அளவையாளர். சிட்னிக்கு வந்தபிறகு ஒரு கட்டடக் கம்பனியில் வரைபடம் கீறினார். ஓய்வு பெற்ற மறுவாரமே பழைய புத்தகம் வாங்கத் தொடங்கினார். இங்கே பழைய சாமான் விற்கும் கடையை ஒப் ஷொப் என்பார்கள். மற்றவர்கள் அங்கே பீங்கான் கோப்பை தேடுவார்கள். இவர் மேற்கு சிட்னியின் சரித்திரம் தேடுவார்.

எனக்குப் பழைய புத்தகம் என்றால் தும்மல்தான் வரும். தோல் அட்டை உதிரும், திறந்தால் இராமபாணப் பூச்சி ஓடும். சாப்பாட்டு மேசையில் பாதி புத்தகத்துக்கு, பாதி எங்களுக்கு. புட்டுத் தட்டை வைக்க இடம் தேடி நான் சண்டை பிடித்த நாட்கள் அதிகம்.

எல்லாம் எப்படித் தொடங்கியது என்றால், பிளாக்டவுன் என்ற பெயரில் தொடங்கியது. நாங்கள் வந்து குடியேறிய புதிதில், "எங்கட நிறத்தைப் பார்த்துத்தான் இந்தப் பேரை வைச்சவங்களோ?" என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் பகிடி விடுவார்கள். நாங்களும் சிரிப்போம். ஒருநாள் இவர் ஒரு புத்தகத்தோடு வந்து, "சிரிக்காதையும். இது கறுப்பு மக்கள் இருந்த இடம் எண்டுதான் பேர் வந்திருக்கு. அந்தச் சனம் எங்க?" என்றார்.

அதற்குப் பிறகு இந்தப் பகிடியை எங்கள் வீட்டில் யாரும் விடவில்லை. விட்டால் ஒரு மணித்தியாலம் வகுப்பு நடக்கும்.

எல்லை சொல்பவன்

அந்தப் புத்தகங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. முதல் அத்தியாயத்தில் ஆறு, மரம், கங்காரு, கறுப்பு மக்கள் எல்லோரும் ஒன்றாக வருவார்கள். இரண்டாம் அத்தியாயத்திலிருந்து வெள்ளைக்காரக் குடியேறிகள், தகப்பன் பெயர், மனைவி பெயர், விளைந்த கோதுமை, வாங்கிய மாடு என்று விபரமாக வரும்.

"இஞ்சேரும், இதைப் பாரும்" என்று ஒருநாள் குசினிக்குள் வந்து காட்டினார். "குதிரைக்குப் பேர் எழுதியிருக்கிறான். அந்தக் குதிரைக்குத் தண்ணி காட்டின பொம்பிளைக்குப் பேர் இல்லை."

இவர் அவற்றை மற்றவர்கள் வாசிப்பதுபோல வாசிக்கவில்லை. கதையை விட்டுவிட்டுக் காணி எல்லைகளை வாசித்தார். கறுப்பர் முகாமிலிருந்து ஓடை வரை இன்னாருடைய காணி என்று எங்காவது ஒரு வரி அகப்படும். உடனே வரைபடத்தில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார்.

"பெருமை பேசேக்க மனுசன் பொய் சொல்லுவான். எல்லை சொல்லேக்க சொல்ல மாட்டான். எல்லை பிழைச்சால் காணி போயிடும்" என்பார்.

குடியேறிகள் எழுதியது தங்கள் காணியைப் பற்றித்தான். அந்த மக்களைப் பற்றி எழுதவேண்டும் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. ஆனாலும் எல்லை சொல்லும் வரிகளுக்குள் அந்த மக்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். இதைக் கண்டுபிடித்த நாளில் இவர் மேய்ஸ் ஹில் முருகனுக்கு அர்ச்சனை செய்தார். முருகனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.

கனடாவிலிருந்து வந்த பார்சல்

ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கை சுகந்தியையும் இவர் விடவில்லை. அங்கே நூலகங்களில் கழித்துவிடும் பழைய சரித்திரப் புத்தகங்களை வாங்கி அனுப்பச் சொன்னார். அவளும் அத்தான் கேட்கிறாரே என்று அனுப்பினாள். ஒருமுறை பார்சலில் எனக்கென்று வைத்த மேப்பிள் பாணிப் போத்தல் உடைந்து, ஒன்ராறியோவின் முதல் குடியேறிகள் எல்லோரும் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். இவர் கேத்தல் ஆவியில் பிடித்துப் பிடித்து அவர்களைப் பிரித்தெடுத்தார்.

கனடாப் புத்தகத்தையும் சிட்னிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இங்கே கங்காரு இருந்த இடத்தில் அங்கே நீர்நாய். யூகலிப்டஸ் இருந்த இடத்தில் தேவதாரு. முதல் அத்தியாயத்தில் அந்த மண்ணின் மக்கள் வருவார்கள், அதன்பிறகு காணாமல் போவார்கள்.

"ஆள்தான் வேற, எழுத்து ஒண்டு" என்று தொலைபேசியில் சுகந்திக்குச் சொன்னார்.

"அத்தான், காணாமல் போகேல்லை. என்னோட வேலை செய்யிற பிள்ளை ஒண்டு அவையின்ர ஆள்தான். மத்தியானம் பக்கத்துக் கதிரையில இருந்துதான் சாப்பிடுறவள்" என்றாள் அவள்.

"அது கனடா, பிள்ளை. இஞ்ச சிட்னியில அப்பிடி இல்லை. நான் எல்லாப் புத்தகமும் பார்த்திட்டன்."

அவருடைய வரைபடத்தில் புது வட்டங்கள் வர வரக் குறைந்தன. பிந்திய புத்தகங்களில் முகாம் என்ற சொல்லே இல்லை. ஒரு தடித்த புத்தகத்தில் அந்தப் பெண்ணின் சித்திரம் இருந்தது. அந்த இனத்தின் கடைசிப் பெண் என்று அதற்கு அடியில் அச்சடித்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு இவர் பென்சிலைக் கீழே வைத்தார். அன்றைக்கு இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

தன்னுடைய புத்தகத்தின் கடைசி அத்தியாயத்துக்கும் 'கடைசிப் பெண்' என்றுதான் பெயர் வைத்தார். அதை எனக்கு வாசித்துக் காட்டும்போது கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். எனக்கும் கண்ணீர் வந்தது. அழ வைக்கும்படிதான் எழுதியிருந்தார்.

பச்சை பூசிய ஊர்

இதை இங்கே சொல்லாமல் மேலே போக முடியாது.

இவர் ஊரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நில அளவைக் கந்தோரில் ஒரு பெரிய வரைபடம் சுவரில் தொங்கியதாம். திருகோணமலைப் பக்கத்துக் காணிகளில் புதுக் குடியேற்றம் செய்வதற்காகக் கீறியது. இவர் தன் தாயின் ஊரை அதில் தேடினார். குளத்தைக் காணவில்லை, கோயிலைக் காணவில்லை. ஊர் இருந்த இடம் முழுக்கப் பச்சை. பச்சை என்றால் ஆளில்லாத காடு.

மேலதிகாரியிடம் போய், "ஐயா, இதில எங்கட ஊர் இருக்கு. என்ர மாமா இப்பவும் அங்க வயல் செய்யிறார்" என்றிருக்கிறார். அவர் வரைபடத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "பிளானில இல்லையே, தம்பி" என்றாராம்.

பிறகு அந்த ஊரில் வேறு ஆட்கள் வந்து குடியேறினார்கள். இவருடைய மாமா குடும்பம் ஒரு மாட்டு வண்டிலில் ஏறக்கூடியதை ஏற்றிக்கொண்டு வெளியேறியது. சாகும்வரை இவர் பச்சை நிறத்தில் சேட்டு வாங்கவில்லை. மகள் ஒருமுறை ஆசையாக வாங்கிக் கொடுத்ததையும் போடவில்லை.

குளத்துச் சிநேகிதி

ஷெரிலை எனக்கு நீச்சல் குளத்தில்தான் தெரியும். முழங்கால் வலிக்காரருக்கு இங்கே தண்ணீருக்குள் உடற்பயிற்சி வகுப்பு நடக்கிறது. எனக்கு முழங்கால், அவருக்கு இடுப்பு. கழுத்தளவு வெந்நீரில் நின்று நாங்கள் மருமக்களைப் பற்றிப் பேசாத நாளில்லை.

ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. செம்பட்டைத் தலை, முகமெல்லாம் புள்ளி, சாம்பல் நிறக் கண். நான் அவரை வெள்ளைக்காரி என்றுதான் நினைத்தேன். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். மற்றவர்கள் அவரை அன்ரி என்று கூப்பிடுவதைக் கேட்டு, 'பார், எங்களைப்போல மரியாதை தெரிந்த சனம்' என்று மட்டும் எண்ணிக்கொண்டேன். ஆதிக்குடிகள் தங்கள் மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

விழாவுக்குக் கூப்பிட்டபோது, "உங்கட மனுசன் இந்த இடத்தைப் பற்றி எழுதினவரோ? கட்டாயம் வாறன்" என்றார்.

அஞ்சலிப் படம் வைப்பது இவருடைய யோசனை. மாலையை யார் போட்டது என்று இன்றைக்கும் தெரியாது. கதிரையில் படம் இருக்கிறது, பக்கத்தில் விளக்கு இருக்கிறது. அதைக் கண்டால் எங்கள் ஆட்களின் கை சும்மா இருக்காது. யாரோ ஒருவர் கோயிலடியில் மாலை வாங்கிவந்து போட்டுவிட்டார்.

விளக்கு ஏற்றாத விழா

"நான் தருக். என்ர அம்மா தருக். இந்த மண்டபத்துக்குப் பின்னால ஓடுற ஓடைக்கரையிலதான் அவ பிறந்தவ" என்றார் ஷெரில். தருக் என்பது இந்த இடத்து ஆதிக்குடிகளின் பெயர். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

பட்டு வேட்டி கட்டி, விபூதி பூசி, மாப்பிள்ளை மாதிரி வந்துகொண்டிருந்த இவர் அதைக் கேட்டுவிட்டார். நடந்த கால் நின்றது.

ஷெரில் மெல்ல நடந்து படத்தடிக்குப் போனார். பக்கத்து மேசையில் இவர் பார்வைக்கு வைத்திருந்த அந்தத் தடித்த பழைய புத்தகத்தைக் கண்டு, அதன் அட்டையைத் தடவினார்.

"இதை எனக்குத் தெரியும். இதை வைச்சுத்தான் நான் பிள்ளைகளுக்குப் படிப்பிச்சனான்" என்றார். "இந்தப் படம் வரும். கடைசிப் பெண் எண்டு வாசிப்பன். வாசிச்சுப்போட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொல்லுவன். நான் அங்க நிக்கிறன், பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்குதுகள். ஒருநாளும் வாய் திறக்கேல்லை. அம்மா சொல்லியிருந்தவ, உன்ர தோல் வெள்ளை, நீ வெள்ளையாவே இரு எண்டு. தெரிஞ்சால், ஆதிக்குடிப் பிள்ளைகள் எண்டு அரசாங்க ஆட்கள் வந்து என்ர பிள்ளைகளைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள் எண்டு அவவுக்குப் பயம். அவவின்ர அக்காவைச் சின்னனில அப்பிடிக் கொண்டுபோனவங்கள்."

இவர் படத்தடிக்கு வந்தார். "மாலையை எடுக்கட்டோ?" என்று கேட்டார்.

"நீங்கள் போட்டது. நீங்கள்தான் எடுக்கவேணும்."

இவர் மாலையைக் கழற்றினார். கழற்றிய மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். விழாவை ஒழுங்குசெய்த சங்கத்தின் செயலாளர் ஓடிவந்து, "அண்ணை, நேரம் போகுது. விளக்கை ஏத்துவமே?" என்றார்.

இவர் ஒலிவாங்கியை வாங்கினார்.

"எல்லாரும் மன்னிக்கவேணும். புத்தகத்தில பெரிய பிழை ஒண்டு இருக்கு. இண்டைக்கு வெளியிடேல்லை. சாப்பாடு இருக்கு. எல்லாரும் சாப்பிட்டுப் போங்கோ."

மண்டபம் சலசலத்தது. ஆய்வுரை ஆற்றக் கத்தையாகக் காகிதம் கொண்டுவந்தவருக்கு முகம் கறுத்துவிட்டது. பிழைதிருத்தம் அடித்து உள்ளே ஒட்டினால் போதாதா என்றார் ஒருவர். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். சென்னையில் அச்சடித்து, கப்பலில் வந்து, பெட்டி பெட்டியாக மேடைக்குப் பின்னால் இருந்த புத்தகம். இவர் வாழ்க்கையில் எழுதிய ஒரே புத்தகம்.

"முதல் எல்லைக் கல்லே பிழைச்சால் முழுப் பிளானும் பிழை" என்றார் இவர்.

திரும்பிப் பார்த்தால் ஷெரிலைக் காணவில்லை. கேக் பெட்டி மட்டும் சந்தனம் பூசிக்கொண்டு என் தட்டில் இருந்தது.

வீட்டுக்கு வரும்போது கார் நான்தான் ஓட்டினேன். சிவப்பு விளக்கில் நின்றபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னப்பா, உங்கட ஊரையும் காடு எண்டுதானே கீறி வைச்சிருந்தவங்கள்? அதை நம்பாத மனுசன் இதை எப்பிடி நம்பினீங்கள்?"

பச்சை விழுந்து, பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். வீட்டு வாசலில் காரை நிறுத்தியபிறகுதான் இவர் வாய் திறந்தார்.

"புத்தகத்தில இல்லாட்டி இல்லை எண்டு நினைச்சிட்டன். அந்தக் கந்தோர் ஐயா மாதிரி" என்றார்.

ஓடைக்கரை

அதன்பிறகு பல வாரங்கள் ஷெரில் குளத்துக்கு வரவில்லை. நான் தண்ணீருக்குள் தனியாகக் காலை ஆட்டிக்கொண்டு கதவைப் பார்த்தபடி நிற்பேன். சிநேகிதம் போய்விட்டது என்றே முடிவுகட்டினேன். அந்த வயதில் கிடைக்கும் சிநேகிதத்தை இழப்பது சின்ன விஷயமில்லை.

வீட்டில் இவர் பெட்டிகளைக் கராஜில் அடுக்கிவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் இருந்தார். நெஞ்சுக்கு மருத்துவர் புது மாத்திரை எழுதிக்கொடுத்ததும் அப்போதுதான். புத்தகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "அவ வந்து சொல்லாமல் நான் ஒரு வரியும் எழுத மாட்டன்" என்பார்.

குளிர் விட்ட ஒரு காலையில் ஷெரில் வந்தார். வழக்கமான இடத்தில் எனக்குப் பக்கத்தில் இறங்கி நின்றார். இருவரும் கையைக் காலை ஆட்டினோம்.

"உங்கட மனுசன் ஓடைக்கு நடந்து வருவாரோ?" என்று கேட்டார்.

"தவண்டெண்டாலும் வருவார்" என்றேன்.

அப்படித்தான் இவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். ஷெரிலுக்குக் கைத்தடி, இவருக்கு மூச்சு வாங்கும். அந்தச் சோடி ஒரு ஓடைக்கரையைச் சுற்றி வர அரை நாள் எடுத்தது. முகாம் என்று எந்தப் புத்தகமும் எழுதாத இடங்களில் யார் குடில் இருந்தது, பிறகு யார் எந்தத் தெருவில் வாடகைக்குப் போனார், யாருடைய பிள்ளைகள் இன்றைக்கு எங்கே இருக்கிறார்கள் என்று ஷெரில் சொன்னார். சிலரைப் பற்றிச் சொல்லிவிட்டு, "இதை எழுதவேண்டாம்" என்பார். இவர் எழுதமாட்டார். எழுதியதை ஒவ்வொரு பந்தியாக ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகுதான் அடுத்த பந்திக்குப் போனார்.

அந்தப் பெண்ணின் படத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடும்படி ஷெரில் சொன்னார், இவர் எடுத்தார். கடைசி அத்தியாயத்துக்குப் புதுப்பெயர் கேட்டதற்கு, "கடைசி எண்டு ஒண்டும் வேண்டாம்" என்றார் ஷெரில். ஆகவே அந்த அத்தியாயம் புத்தகத்தின் முதலுக்குப் போனது.

இவர் அதன் அச்சுப் படிகளைத் திருத்தி அனுப்பினார். புத்தகம் வந்து சேரும்போது இவர் இல்லை. நெஞ்சு வலி என்று ஒரு மத்தியானம் கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை.

அதே மண்டபம்

முப்பத்தோராம் நாளுக்கு எங்கள் ஆட்கள் கல்வெட்டு அடித்துக் கொடுப்பார்கள். இறந்தவரின் படமும் வரலாறும் தேவாரமும் அடங்கிய சிறு புத்தகம். நான் கல்வெட்டு அடிக்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் இவருடைய புத்தகத்தைக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் அது வெளியானது.

அதே மண்டபம் கிடைத்தது. மேடையின் இடப்பக்கம் அதே கதிரை, அதே மாம்பழ நிறப் பட்டு. அதன்மேல் இவருடைய படம்.

ஷெரில் வந்தார். கையில் அதே தகரப் பெட்டி. என்னிடம் எப்படித் துக்கம் விசாரிப்பது என்று தெரியாமல் வந்த பாதிப்பேரைப் போலில்லாமல், என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். முதல் பிரதியை அவர் கையில் கொடுத்தேன்.

"அம்மாவின்ர பேர் எங்க இருக்கு?"

முதல் அத்தியாயத்தைத் திறந்து காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் காட்டிய எழுத்துகளின்மேல் விரலை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் நின்றார்.

பிறகு கதிரைப் பக்கம் திரும்பினார்.

"எங்கட ஆட்களில பலபேர் செத்தவையின்ர படத்தைக் கொஞ்சக் காலத்துக்குப் பார்க்கமாட்டினம்" என்றார்.

"மறைச்சு விடட்டோ?"

"வேண்டாம். இது உங்கட வழக்கம்."

கிட்டப் போனார். மாலை ஒரு பக்கம் சரிந்து, இவருடைய முகத்தில் பாதியை மறைத்திருந்தது. ஷெரில் கைத்தடியைக் கதிரையில் சாத்திவிட்டு, இரண்டு கையாலும் மாலையைச் சரிசெய்தார். பூவில் கை பட்டதும் ஒரு ரோசா உதிர்ந்தது. அதைக் குனிந்து எடுத்துப் படத்தடியில் வைத்தார்.

"இந்த முறை செத்தவருக்குத்தான் போட்டிருக்கிறீங்கள்" என்றார்.

செத்தவீட்டில் எல்லோரும் அழச்சொல்லியும் அழாமல் இருந்தவள் நான். அப்போதுதான் அழுதேன்.